பற்கம்பியும் பழவேற்காட்டுப் பிள்ளைகளும்

பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்வது நகரத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. இன்று அந்த எல்லை அழிந்துவருகிறது. துருத்திய பல், நெருங்கி முளைத்த பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் ஆகியவற்றைச் சரிசெய்ய முடியும் என்ற அறிவு சிற்றூர்களையும் எட்டியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், கம்பியைப் பற்றிய செய்தி பரவிய வேகத்தில், கம்பி போட்ட வாயை எப்படிக் காப்பது என்ற செய்தி பரவவில்லை. அந்த இடைவெளிக்கு விலை கொடுப்பவர்கள் வளரிளம் பருவத்தினர். அவர்களிலும் மருத்துவமனையிலிருந்து தொலைவில் வாழ்பவர்கள்.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்கரையில் இருக்கும் ஊர் அது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் எச்சத்தையும் அவர்களின் கல்லறைகளையும் பூநாரைகளையும் காண வெளியூரார் வருகின்றனர். கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என ஏரியையும் கடலையும் ஒட்டி நீளும் மீனவக் குப்பங்களோ இறாலையும் நண்டையும் மடவையையும் நம்பி வாழ்கின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவே என்றாலும், ஒரு பற்சீரமைப்பு மருத்துவரை மாதந்தோறும் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அந்த 60 கிலோமீட்டர் சிறிய தொலைவன்று.

கம்பி சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும்; நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கம்பியை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுகளில் 24 பயணங்கள். சென்னைக்குப் போய்வர 120 கிலோமீட்டர் எனில், மொத்தம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குச் செல்லும் தொலைவைவிட இது அதிகம். ஒவ்வொரு பயணத்துக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும். உடன் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு நாள் வருமானம் போகும்.

அந்த வருமானமும் மாதச் சம்பளம் போல் வருவதில்லை. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை வந்தால் சிறு படகுகளும் கரையில்தான். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல்நீரும் இறால் குஞ்சும் ஏரிக்குள் வருவது குறையும். ஏரியில் வலைவீசுவோரின் வரவும் குறையும். கையில் பணம் இருந்த மாதத்தில் தொடங்கிய சிகிச்சை, பணம் இல்லாத மாதத்தில் தடைப்படுவது இயல்பு. தடைப்பட்ட சிகிச்சையில் கம்பி மட்டும் வாயில் தங்கிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கழியில் படியும் பாசி

கம்பி போட்ட வாயில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டியதில்லை. ஏரியில் வலை கட்ட ஊன்றிய கழியைச் சில நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பான ஒரு படலம் கையில் ஒட்டும். நீர் ஓடும் இடத்தைவிட, கழியும் கயிறும் சேரும் முடிச்சில் அது அடர்ந்திருக்கும். வாயிலும் அப்படியே. பற்களின்மேல் ஓயாமல் படியும் பற்படலம் என்பது நுண்ணுயிர்கள் கூட்டாகக் குடியிருக்கும் மெல்லிய பூச்சு. சாதாரணப் பல்லின் மேற்பரப்பை நாக்கும் உதடும் உமிழ்நீரும் ஓரளவு துடைத்துக்கொண்டே இருக்கின்றன. கம்பி சிகிச்சையிலோ ஒவ்வொரு பல்லின்மீதும் பிராக்கெட் எனப்படும் சிறு பொத்தான் போன்ற துண்டு ஒட்டப்படுகிறது. அவற்றின் வழியே கம்பி ஓடுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட கழிகளை வாய்க்குள் ஊன்றியதற்கு ஒப்பானது இது. நாக்கும் உதடும் துடைக்க முடியாத மூலைகள் ஒவ்வொன்றிலும் படலம் தங்குகிறது.

அந்தப் படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலநிலை, அதாவது பி.எச். அளவு, 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ட பின்னும் ஏறத்தாழ அரை மணி நேரம் இந்தத் தாக்குதல் நீடிக்கிறது. பின்னர் உமிழ்நீர் அதைச் சமன்செய்கிறது. தாக்குதல்களுக்கு இடையே போதிய இடைவெளி இருந்தால் இழந்த தாதுக்கள் ஓரளவு மீண்டு வரும். இடைவெளி இல்லாவிட்டால் இழப்பே மிஞ்சும்.

இழப்பின் முதல் அடையாளம் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி. பிராக்கெட்டைச் சுற்றி, குறிப்பாக அதற்கும் ஈறுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதியில் அது தோன்றும். தூய்மை தவறினால் நான்கு வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெண்புள்ளி உருவாகக்கூடும். அதாவது, அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே. கம்பி அணிந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புதிதாக வெண்புள்ளிகள் தோன்றுவதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. இரண்டு ஆண்டு காத்திருந்து கம்பியைக் கழற்றும் நாளில், வரிசையாக நிற்கும் பற்களின் நடுவே சதுரச் சதுரமாக வெண்தழும்புகளைக் காண்பதைவிட ஏமாற்றம் வேறென்ன இருக்க முடியும்? வெண்புள்ளி முற்றினால் அது குழியாகும், சொத்தையாகும்.

ஈறுகளின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பருவமடையும் வயதில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறுகள் பற்படலத்துக்கு மிகையாக எதிர்வினை புரிகின்றன. கம்பியும் சேரும்போது அவை வீங்கி, சிவந்து, தொட்டாலே குருதி கசிகின்றன. குருதியைக் கண்டு அஞ்சும் பிள்ளை அந்த இடத்தில் துலக்குவதையே விட்டுவிடுகிறது. படலம் மேலும் பெருகுகிறது. வீக்கம் மேலும் கூடுகிறது. ஈறில் குருதி வந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது. மென்மையான பிரஷ்ஷால் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது இன்றியமையாதது. ஓரிரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்படித் துலக்குவது?

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்பது நம் முன்னோர் வாக்கு. குச்சியைக் கடித்து நாராக்கித் தேய்த்த பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால், கம்பிக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளிக்குள் குச்சி நுழையாது. விரலில் தொட்ட பற்பொடியும் நுழையாது. கரித்தூள், சாம்பல், செங்கல்பொடி போன்றவை எனாமலைத் தேய்த்துவிடும். கம்பியின் இடுக்கில் தங்கி ஈறையும் உறுத்தும். கம்பி இருக்கும் காலம்வரையாவது இவற்றை விலக்குவதே நல்லது.

தேவையானவை மூன்றே. மென்மையான நார்களையுடைய ஒரு பிரஷ், ஃபுளோரைடு கலந்த பற்பசை, கம்பிக்கு அடியில் நுழையும் கூம்பு வடிவச் சிறு பிரஷ். பிரஷ்ஷைக் கம்பிக்கு மேலே சாய்வாக வைத்து ஈறு ஓரத்தையும், கம்பிக்குக் கீழே சாய்வாக வைத்துப் பல்லின் நுனிப் பகுதியையும் தனித்தனியே துலக்க வேண்டும். பின்னர் கடிக்கும் பரப்பும் உட்புறமும். இரண்டு பல்லுக்கு நடுவே, கம்பிக்கு அடியில் சிறு பிரஷ்ஷைச் செருகி மேலும் கீழும் அசைக்க வேண்டும். கம்பி இல்லாதவருக்கே இரண்டு நிமிடம் தேவை எனும்போது, கம்பி அணிந்தவருக்கு ஐந்து நிமிடம் ஆவது வியப்பன்று. முடிந்ததும் கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிராக்கெட்டின் நான்கு ஓரமும் பளிச்சென்று தெரிந்தால் மட்டுமே துலக்கியதாகப் பொருள்.

எத்தனை முறை என்பதைவிட எப்போது என்பது முக்கியம். உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. அமிலத்தைச் சமன்செய்ய வாயில் காவல் இருப்பதில்லை. ஆகவே, இரவு உணவுக்குப் பின் துலக்காமல் படுப்பதே பெருந்தீங்கு. காலையில் மட்டும் துலக்கும் நம் வழக்கம் மாற வேண்டிய இடம் இது. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லின்மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு கழுவப்பட்டுவிடும். நிலத்தடி நீர் உவர்ப்பேறிய கடலோரத்தில், குடங்களில் பிடித்துவைத்த நன்னீரைச் சிக்கனமாகச் செலவிடும் வீடுகளுக்கு இது ஓர் ஆறுதலான செய்தியும்கூட. நல்ல பல்துலக்கத்துக்கு நிறைய நீர் வேண்டியதில்லை.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் கறையும் எலும்பில் முடக்கமும் ஏற்படுத்திய குடிநீர் நம் நினைவுக்கு வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால், அது குடிநீரில் அளவுக்கு மீறிக் கலந்த ஃபுளோரைடை ஆண்டுக்கணக்கில் அருந்தியதால் வந்த கேடு. பற்பசையில் இருப்பது பல்லின்மேல் தடவித் துப்பப்படுவது. இந்தியாவில் பற்பசையின் ஃபுளோரைடு அளவு பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மிகக் கூடாது என்றும், அந்த அளவு உறையில் அச்சிடப்பட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது கம்பி உரசி வந்த புண்ணுக்கு இதம் தரும். ஆனால், அது துலக்குவதற்கு மாற்றாகாது.

வாய்க்குள் போகும் பண்டங்களிலும் கவனம் வேண்டும். முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு போன்றவற்றைக் கடித்தால் பிராக்கெட் பெயர்ந்துவிடும். நெய்தல் நிலத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. நண்டின் காலைப் பல்லால் உடைக்கக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் தட்டி உடைத்துத் தர வேண்டும். வலை பழுதுபார்க்கையில் நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கக் கூடாது. மீன் முள் கம்பியில் சிக்கினால் விரலால் இழுக்காமல் சிறு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பெயர்ந்த ஒரு பிராக்கெட், மருத்துவரை அடையும்வரை அந்தப் பல்லின் நகர்வை நிறுத்திவிடுகிறது; சிகிச்சைக்காலம் நீள்கிறது. கம்பியின் முனை கன்னத்தைக் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டிவைக்கலாம்.

மீனோ சோறோ பல்லுக்குப் பகையல்ல. பகை, பள்ளி வாசல் பெட்டிக்கடையில் இருக்கிறது. ஒட்டும் மிட்டாய், சாக்லேட், கிரீம் பிஸ்கட், வண்ணக் குளிர்பானம், மணிக்கொருமுறை இனிப்புத் தேநீர் ஆகியவைதாம் அமிலத்துக்கு ஓய்வே தராதவை. அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரக் கூடாது. 5 விழுக்காட்டுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2015-இல் அறிவுறுத்தியது. இனிப்பு உண்பதானால் உணவோடு சேர்த்து ஒரே வேளையில் உண்டுவிட்டு வாயைக் கொப்பளிப்பது, நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சுவைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கோணலின் வேர்

இவ்வளவும் கம்பி போட்ட பிள்ளைக்கானவை. கம்பியே தேவைப்படாமல் செய்ய முடியுமா என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை. பல் கோணலுக்குப் பரம்பரை ஒரு காரணம். தாடையின் அளவும் பல்லின் அளவும் பொருந்தாமை மற்றொன்று. விரல் சூப்புதலும் வாயால் மூச்சுவிடுதலும் உண்டு. ஆனால், தடுக்கக்கூடிய பெருங்காரணம் ஒன்று உண்டு. அது பால்பல் சொத்தை.

விழுந்து முளைக்கும் பல்தானே என்று பால்பல்லை அலட்சியம் செய்கிறோம். ஒவ்வொரு பால்பல்லும் தனக்குப் பின் வரவிருக்கும் நிரந்தரப் பல்லுக்காக இடம் பிடித்துவைத்திருக்கிறது. சொத்தையால் பால் கடைவாய்ப்பல் உரிய காலத்துக்கு முன்பே பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குள் சாய்ந்துவிடுகின்றன. பின்னர் முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் அது வெளியே துருத்துகிறது அல்லது உள்ளே மடங்குகிறது. ஐந்து வயதில் கவனிக்காத சொத்தைக்குப் பதிமூன்று வயதில் கம்பி போடுகிறோம். இன்னொரு தவறும் பரவலாக நிகழ்கிறது. ஏறத்தாழ ஆறு வயதில் எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பல பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிக் கைவிட்டுவிடுகின்றனர். அது போனால் மீண்டும் முளைக்காது.

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03-இல் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும், 12 வயதினரில் 53.8 விழுக்காட்டினருக்கும், 15 வயதினரில் 63.1 விழுக்காட்டினருக்கும் சொத்தைப்பல் இருந்தது. இரண்டில் ஒரு குழந்தைக்கு என்னும்போது, இது தனிப்பட்ட வீட்டின் குறை அன்று. பொதுச் சுகாதாரத்தின் கடமை. உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்று உலக சுகாதார அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த அமைப்பு ஃபுளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்ததன் பொருளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பற்பசை அழகுப்பொருள் அல்ல, அது மருந்து.

செய்யக்கூடியவை

புதிதாக எதையும் கட்டி எழுப்ப வேண்டிய தேவை இல்லை. இருப்பவற்றை இணைத்தாலே பாதி வழி கடந்துவிடலாம். ராஷ்ட்ரிய பால சுவாஸ்த்ய காரியக்ரம் என்னும் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கு அதில் கண்டறிய வேண்டிய நலக்குறைவுகளில் பல் நோயும் ஒன்று. குப்பங்களின் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடக்கும் அந்தப் பரிசோதனையில் பல்லைப் பார்ப்பது சடங்காகிவிடாமல், ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லை ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நமக்கு ஒரு அரிய வாய்ப்பைத் தந்திருக்கிறது. உணவு முடிந்ததும் ஆசிரியர் முன்னிலையில் இரண்டு நிமிடம் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து பல் துலக்கினால் என்ன? ஸ்காட்லாந்தின் சைல்டுஸ்மைல் திட்டத்தில் மழலையர் பள்ளிகளில் இப்படித்தான் செய்கின்றனர். பிலிப்பைன்ஸில் குழாயடிகூட இல்லாத பள்ளிகளிலும் குழுவாகத் துலக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு குழந்தைக்குத் தேவை ஒரு பிரஷ்ஷும் பட்டாணி அளவு பற்பசையும் மட்டுமே.

கம்பி சிகிச்சையைப் பொறுத்தவரை, 1953-இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்துணை. ஆனால், சிகிச்சையைத் தொடங்குவது மட்டுமன்றி, இடையில் கண்காணிப்பதும் அருகிலேயே நடக்க வேண்டும். பொன்னேரி போன்ற வட்டத் தலைநகரங்களிலுள்ள அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள் பற்சீரமைப்பு முகாம் நடந்தால், பெயர்ந்த பிராக்கெட்டை ஒட்டவும் குத்தும் கம்பியை வெட்டவும் வெண்புள்ளியைத் தொடக்கத்திலேயே கண்டு ஃபுளோரைடு பூச்சு தடவவும் முடியும். கம்பியை இறுக்குவதற்கான பயணங்களையும் பெருமளவு குறைக்கலாம். தனியார் மருத்துவர்களும், இரண்டு ஆண்டு தொடர்ந்து வர இயலுமா என்று குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டறிந்து, துலக்கும் பழக்கம் நிலைபெற்ற பின்னரே கம்பி போடுவது அறமாகும்.

குடும்பமும் தன்னிடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை இப்போது இரவில் துலக்குகிறதா? மாதாந்தரச் சந்திப்புக்கு மீன்வரத்து இல்லாத மாதங்களிலும் போக முடியுமா? கம்பி கழற்றிய பின், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிடெய்னர் எனப்படும் பிடிப்புத் தகட்டை மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிய முடியுமா? இவற்றுக்கு ‘இயலாது’ என்பது விடையானால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் இழிவு ஏதும் இல்லை. பற்களை எந்த வயதிலும் நகர்த்த முடியும். கரைந்த எனாமலைத்தான் மீண்டும் வளர்க்க முடியாது. இடையில் தொடர முடியாமற்போனால் கம்பியை வாயில் வைத்துக்கொண்டே காலம் கடத்தாமல், மருத்துவரிடம் சென்று கழற்றிவிடச் சொல்வதே பாதுகாப்பு.

பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்று ஊர் கூடி முறைவைத்து, வளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. ஊராகக் கூடி ஒரு நடைமுறையை வகுத்துத் தலைமுறைகளாகக் கட்டிக்காத்த மக்களுக்கு, பள்ளி வாசலில் ஒட்டும் மிட்டாய் விற்கக் கூடாது என்று முடிவெடுப்பதோ, மாதம் ஒருமுறை கம்பி அணிந்த பிள்ளைகளை ஒரே வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்புவதோ முடியாத காரியமல்ல. அரசு தன் பங்கைச் செய்தால் ஊர் தன் பங்கைச் செய்யும்.

பல் வரிசையாக இருப்பது அழகு. பல் நலமாக இருப்பது வாழ்வு. முன்னதற்காகப் பின்னதை இழக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது. கம்பி போடும் முன் கற்றுக்கொடுக்க வேண்டியது துலக்கும் முறை. அதற்கும் முன், ஆறு வயதில் பார்க்க வேண்டியது கடைவாயின் ஓரத்தில் ஓசையின்றி முளைக்கும் அந்த ஒரு பல். இன்றிரவு பிள்ளைகள் உறங்கும் முன் அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு முறை பார்ப்போம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.